வளர்ற பிள்ளைக்குத் தைத்த சட்டை

ஜூன் மாதம் பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் அம்மா எங்களைத் தையல்கடைக்கு இழுத்துக்கொண்டு போவாள். டெய்லர் நாடாவைத் தோளில் வைத்த அடுத்த நொடியே அந்த வாக்கியம் வந்துவிடும்: “ரெண்டு இஞ்ச் விட்டுத் தைங்க, வளர்ற பிள்ளை.” ஆறாம் வகுப்பில் தைத்த பாவாடை எட்டாம் வகுப்பில்தான் எனக்குச் சரியாக வந்தது. அதற்குள் நீலம் வெளுத்து சாம்பல் நிறமாகியிருக்கும். ஆக, சட்டை புதிதாக இருந்தபோது எனக்கு அளவு சேரவில்லை, அளவு சேர்ந்தபோது சட்டை புதிதாக இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி அம்மாவைக் கேலி செய்தவள் நான். அப்படிப்பட்ட நானே நாற்பது வயதில், கடலுக்கடியில் சிலிண்டரோடு நீந்தும் ஸ்கூபாவில் ஐம்பது டைவ்கூட முடிக்காத நிலையில், 27 கிலோ தூக்கும் விங் ஒன்றை, அதாவது மிதப்பைக் கூட்டிக் குறைக்க முதுகில் கட்டும் காற்றுப்பையை, வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டாம் கை. நல்ல விலை. “பெரிசா வாங்கிக்கங்க, நாளைக்கு ட்வின்செட் போடும்போது உதவும்” என்றார் விற்றவர். ட்வின்செட் என்றால் முதுகில் இரட்டை சிலிண்டர். அவர் நல்ல மனிதர், பொய் எதுவும் சொல்லவில்லை. அதுதான் சிக்கலே.

என் மனதிலும் ஒரு நாளை இருந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ், இன்றும் 50 மீட்டருக்கும் கீழே பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆழத்துக்கு ஒற்றை சிலிண்டரோடு விளையாட்டாகப் போக முடியாது. முதுகில் இரண்டு சிலிண்டர், பக்கத்தில் இன்னொன்று, தனிப் பயிற்சி, ஆண்டுக்கணக்கில் பழக்கம் எல்லாம் வேண்டும். அந்தப் பயிற்சியில் முதல் வகுப்பைக்கூட நான் தொடவில்லை. ஆனால் அதற்கான சட்டையைத் தைத்துவிட்டேன்.

அது வரைக்கும் எனக்குக் காற்றடைக்கிற வாடகை ஜாக்கெட்தான். ஜாக்கெட்டில் எஸ், எம், எல் என்று உடம்பு அளவு இருக்கும், போட்டுப் பார்த்து வாங்கிவிடலாம். விங்குக்கு வந்தால் அந்தப் பழக்கம் நம்மைக் குழப்பிவிடுகிறது. முதுகில் ஒரு உலோகத் தகடு, வார்ப்பட்டை, தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு காற்றுப்பை, அவ்வளவுதான் மொத்த அமைப்பு. இதில் உடம்பு அளவைப் பார்த்துக்கொள்வது பட்டை. காற்றுப்பைக்கு உங்கள் இடுப்பைப் பற்றி அக்கறை கிடையாது. ஆனாலும் டைவர்கள் கூடுமிடத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இதுதான்: “நான் எண்பது கிலோ, 13 கிலோ விங் என்னை எப்படித் தூக்கும்?” உங்களைத் தூக்குவது அதன் வேலை இல்லை. உங்களைக் கடல் ஏற்கெனவே தூக்கிக்கொண்டுதான் இருக்கிறது. மூச்சை இழுத்துக்கொண்டு மெரினாவிலோ நீச்சல் குளத்திலோ மல்லாந்து கிடந்தவர் எவருக்கும் இது தெரியும்.

அந்த 12 மீட்டர்

புதுச்சேரியில் டெம்பிள் ரீஃப் என்று ஒரு செயற்கைப் பாறைத் திட்டு இருக்கிறது. அடித்தளம் 18 மீட்டர். சென்னையிலிருந்து வார இறுதியில் போய்வருகிறவர்களுக்கு அது ஒரு மாதிரி சொந்தத் தெருக்கோடி. எந்தத் தூணுக்கு அடியில் லயன்ஃபிஷ் தொங்கும் என்பதுகூடத் தெரியும். புது விங்கோடு அங்கே எனக்கு அது நான்காவது டைவ். முதல் மூன்றிலும் ஏதோ உறுத்தியது. அடியில் இருக்கும்போது விங்குக்குள் காற்று விடும் இன்ஃப்ளேட்டர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன், சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்தது, கால் பக்கம் சரிந்தது. “புது சாமான், பழகணும்” என்று நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காவது டைவில், சிலிண்டரின் அழுத்தம் 70 பாருக்கு இறங்கியதும், மேலே வரத் தொடங்கினோம். 12 மீட்டர் அருகில் உடம்பு லேசாக ஏறுவது தெரிந்தது. பதற்றமில்லை, இதற்குத்தானே வால்வு. தலையைத் தாழ்த்தி, இடுப்பை உயர்த்தி, காற்றை வெளியேற்றும் இடது பின்பக்க டம்ப் வால்வின் கயிற்றை இழுத்தேன். குமிழிகள் போயின. பிறகு நின்றுவிட்டன. காலியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் ஏறிக்கொண்டே இருந்தேன், அதோடு இடது தோள் கீழே போய் வலது தோள் மேலே வந்தது. மறுபடி இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. கையிலிருந்த கம்ப்யூட்டர் கத்தத் தொடங்கியது. நிமிடத்துக்கு 9 மீட்டரைவிட வேகமாக ஏறினால் கத்தும் கருவி அது. அன்றைக்கு அது கத்தியது எனக்கு ஏதோ பக்கத்து வீட்டு அலாரம்போலக் கேட்டது. 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய சேஃப்டி ஸ்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனேன். வெளிச்சம், அலை, மேலே வானம். விங் முதுகுக்குப் பின்னால் சிலிண்டரை இரண்டு பக்கமும் அணைத்து, தோசையை மடித்த மாதிரி நின்றது.

உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மூச்சை அடக்கக் கூடாது என்ற முதல் வகுப்புப் பாடம் மட்டும் எப்படியோ ஞாபகம் இருந்து, வழியெல்லாம் ஊதிக்கொண்டே வந்திருக்கிறேன். டைவ் மாஸ்டர் எனக்குப் பின்னாலேயே ஒழுங்கான வேகத்தில் வந்து, படகில் ஏற்றி, நிழலில் உட்கார வைத்து, “இன்னைக்கு அவ்ளோதான் அக்கா, ரெண்டாவது டைவ் இல்ல” என்றார். வேகமாக மேலேறினால் வரும் கோளாறு ஏதும் உண்டா என்று பார்க்க, ஒரு மணி நேரம் கை மரத்துப்போகிறதா, மூட்டு வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மீனவக் குடும்பத்துப் பையன், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்.

நான் விங்கைத் திட்ட ஆரம்பித்தேன். பெரிசு, ஒற்றை சிலிண்டருக்கு ஒவ்வாதது, காற்று மாட்டிக்கொள்கிறது, இத்யாதி. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “எத்தன கிலோ ஈயம் போட்டிருக்கீங்க?” என்றார். மிதந்துவிடாமல் இறங்க இடுப்பில் கட்டுகிற எடை அது.

“ஆறு.”

“ஜாக்கெட்டுல எவ்ளோ போட்டீங்க?”

“அதே ஆறு.”

“இப்ப முதுகுல இருக்கிற பிளேட்டு இரும்புதானே? அதுவே ரெண்டரை கிலோ இருக்குமே அக்கா. அத யாரு கணக்குல வச்சீங்க?”

நான் யார் கணக்கிலும் வைக்கவில்லை. அதுதான் உண்மை. அவர் கரைப்பக்கம் பார்த்தபடி சொன்னார்: “எங்கப்பா வலை கட்டும்போது சொல்வாரு. ஈயம் கூடப் போச்சுன்னா மேல மிதப்ப கூட்டாத, ஈயத்தக் கழட்டுன்னு. ரெண்டையும் கூட்டினா வலை நிக்காது, சுருட்டிக்கும்.”

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது என்று நாடகமாகச் சொல்ல ஆசை. ஆனால் நான் அன்றைக்கு அவரோடு வாதாடினேன். விங் தப்பு என்றேன். ஊருக்குப் பேருந்தில் திரும்பும்போதும் விங்தான் தப்பு என்றே இருந்தது. மறுநாள் இரவு பேனாவை எடுத்து எழுதிப் பார்த்த பிறகுதான், தப்பு எந்த விகிதத்தில் யாருடையது என்று தெரிந்தது.

சமையலறை மேஜைக் கணக்கு

நாம் இங்கே பயன்படுத்துவது அநேகமாக ‘அலுமினிய எண்பது’ எனப்படும் சிலிண்டர்தான். கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பாருக்கு நிரப்பினால் 2,220 லிட்டர் காற்று உள்ளே இருக்கிறது. ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிராம். ஆக, உள்ளே இருக்கும் காற்றின் எடை மட்டும் 2.7 கிலோ. காற்றுக்கு எடை உண்டு என்று ஏழாம் வகுப்பில் பலூனை வைத்துக் காட்டியபோது நம்பாமல் சிரித்தோமே, அதே காற்று. டைவ் தொடங்கும்போது நீங்கள் சுமக்கிற இந்த 2.7 கிலோ, டைவ் முடிவதற்குள் பெரும்பாலும் குமிழிகளாகப் போய்விடுகிறது. அதனால்தான் காலி சிலிண்டர் மிதக்கப் பார்க்கிறது. ஈயத்தின் அளவை டைவின் கடைசி நிமிடத்துக்குத்தான் பார்க்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

அடுத்தது வெட்சூட், குளிர் தாங்கப் போடும் ரப்பர் உடை. என் 3 மில்லிமீட்டர் முழு சூட்டை வலைப்பையில் போட்டு, பிழிந்து காற்றை வெளியேற்றி, எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் ஈயத்தோடு இறக்கிப் பார்த்தேன். 2 கிலோ ஈயம் வைத்தபோது பை நடுத்தண்ணீரில் நின்றது. (காவலாளி மூன்று முறை வந்து எட்டிப் பார்த்தார். கடைசியில் என்ன மூழ்கடிக்கிறேன் என்று கேட்டேவிட்டார்.) அந்த 2 கிலோ மிதப்பு, சூட்டின் நியோப்ரீன் ரப்பருக்குள் இருக்கும் குட்டிக் குட்டிக் குமிழிகளால் வருவது. 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு, குமிழிகள் கால்வாசியாக நசுங்கும், மிதப்பில் ஒன்றரை கிலோ போய்விடும்.

இரண்டையும் கூட்டுங்கள். 2.7, 1.5. மொத்தம் 4.2 கிலோ. ஈயம் சரியாக இருந்தால், வெதுவெதுப்பான கடலில், ஒற்றை அலுமினிய சிலிண்டரோடு, 30 மீட்டர் அடியில், டைவின் மிகக் கனமான நொடியில் என்னைச் சமன் செய்ய விங் தர வேண்டியது நாலு கிலோ சொச்சம். நான் வாங்கியது 27. அந்தக் காகிதத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன்.

இனி ஈயம். ஜாக்கெட்டோடு ஆறு கிலோ எனக்குச் சரியாகத்தான் இருந்தது. ஜாக்கெட்டின் பஞ்சும் துணியும் ஒரு கிலோ அளவுக்குத் தானாகவே மிதக்கும், அது இப்போது இல்லை. இரும்புத் தகடு தண்ணீருக்குள் ஏறக்குறைய இரண்டே கால் கிலோ இழுக்கும், அது இப்போது புதிதாக வந்திருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தால் மூன்றே கால். புதுச்சேரியில் பிறகு சோதித்தபோது முழுதாக நாலு கிலோ கழன்றது. இரண்டு கிலோ போதும் எனக்கு. அதாவது அந்த நான்கு டைவிலும் தேவையே இல்லாத நாலு கிலோவை இடுப்பில் கட்டி, அதைத் தூக்க நாலு லிட்டர் காற்றை முதுகில் நிரப்பி, இரண்டையும் சுமந்துகொண்டு மீன் பார்த்திருக்கிறேன்.

நாலு லிட்டர் காற்று சும்மா இருக்காது. அன்றைக்கு 18 மீட்டரில் என் விங்கில் ஏறக்குறைய ஐந்தரை லிட்டர் இருந்திருக்க வேண்டும். அதே காற்று 9 மீட்டருக்கு வரும்போது எட்டு லிட்டர் ஆகிறது. 5 மீட்டரில் பத்து லிட்டரைத் தாண்டும். ஈயம் சரியாக இருந்திருந்தால் ஒன்றரை லிட்டர்தான் இருந்திருக்கும், 9 மீட்டரில் அது 2.2 ஆகியிருக்கும். முக்கால் லிட்டர் வித்தியாசத்தை நுரையீரலே சமாளித்துவிடும், ஒரு நீளமான மூச்சை வெளியே விட்டால் போதும். இரண்டரை லிட்டரை வெளியே தள்ள வால்வு வேண்டும், அந்த வால்வு இருக்கும் இடத்தில் காற்றும் இருக்க வேண்டும்.

இங்கேதான் விங்கின் பங்கு வருகிறது. என்னுடையது குதிரைலாட வடிவம். இரண்டு கைகளும் கழுத்துப் பக்கம் மட்டுமே சேரும், கீழே சேராது. தலையைத் தாழ்த்தி இடுப்பை உயர்த்தினால், இடது கையில் இருந்த காற்று இடது நுனிக்கு வந்து வால்வு வழியே போய்விட்டது. வலது கையின் காற்று வலது நுனிக்குப் போய்ப் பதுங்கிக்கொண்டது. அங்கே வால்வு இல்லை. நான் தலையைத் தாழ்த்தத் தாழ்த்த அதற்கு இன்னும் வசதி. நிமிர்ந்து நின்று இன்ஃப்ளேட்டர் குழாயைத் தலைக்கு மேல் உயர்த்தியிருந்தால் வெளியேறியிருக்கும். அது அன்றைக்குத் தோன்றவில்லை. போதாக்குறைக்கு, இரட்டை சிலிண்டரின் அகலத்துக்கு வெட்டிய துணியை ஒற்றை சிலிண்டரில் கட்டினால் ஓரங்கள் மேலே சுருண்டு, மடிப்புக்கு மடிப்பு காற்று ஒளிந்துகொள்ளும்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால் விங்கின் பெரிய குற்றம் இது இல்லை. என் நாலு கிலோ தவற்றை நான்கு டைவ் வரைக்கும் அது மறைத்து வைத்தது. எட்டு கிலோ விங் ஒன்று அன்றைக்கு என் முதுகில் இருந்திருந்தால், படகிலிருந்து குதித்த முதல் நிமிடமே மூக்கு வரை தண்ணீரில் நின்று, “என்னம்மா இது?” என்று கேட்டிருக்கும். 27 கிலோ விங் அம்மா மாதிரி. எதையும் கேட்காமல் தூக்கிக்கொண்டது.

பெரிய விங் யாருக்கு

இதைச் சொன்னதும் ஒரு சாரார் “பெரிசு இருந்தால் என்ன, முழுக்க ஊதவா சொல்கிறோம், அவசரத்துக்கு இருக்கட்டுமே” என்பார்கள். இந்த வாதத்தை முழுக்கத் தள்ள நான் தயாரில்லை. முதுகுத் தகடான பேக்பிளேட்டும் விங்கும் ஃபுளோரிடாவின் குகைகளில் டைவ் செய்தவர்களிடமிருந்து வந்தவை. பேக்பிளேட்டை 1979இல் கிரெக் ஃபிளானகன் என்பவர் செய்ததாகச் சொல்வார்கள். அவர்கள் முதுகில் எப்போதும் இரட்டை சிலிண்டர். இரண்டு 12 லிட்டர் எஃகு சிலிண்டரில் 230 பார் என்றால் காற்று மட்டுமே ஆறரை கிலோவுக்கு மேல், எஃகின் எடை தனி. குளிர்நாட்டு ஏரிகளில் 7 மில்லிமீட்டர் சூட் போடுகிறவர்களுக்கு ஆழத்தில் ஏழெட்டு கிலோ மிதப்பு காணாமல் போகும். தண்ணீர் புகாத உடையான டிரைசூட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் அதற்கும் ஈடு வேண்டும். அவர்களுக்கு 18, 20, 27 கிலோ எல்லாம் ஆடம்பரம் இல்லை, கணக்கில் வருகிற எண். அந்த எண் கடல் தாண்டி வந்து, 28 டிகிரி தண்ணீரில் 3 மில்லிமீட்டர் சூட் போடுகிற நமக்குப் “பாதுகாப்பு” என்ற பெயரில் விற்கப்படுகிறபோதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது. காடுவெட்டப் போகிறவனின் அரிவாளை வெண்டைக்காய் நறுக்கக் கொடுத்தால் விரல் போகும், அரிவாள் மேல் குற்றமில்லை.

அப்படியானால் 4.2 கிலோ போதுமா என்றால், போதாது. இரண்டு விஷயம் இன்னும் இருக்கிறது. ஒன்று, மேலே வந்த பிறகு தலை தண்ணீருக்கு வெளியே நிற்க வேண்டும். வெளியே வந்த தலைக்குக் கடல் தாங்கு கொடுக்காது, அது நாலைந்து கிலோ. அலையடிக்கிற நாளில் கழுத்தும் தோளும் வெளியே வேண்டும் என்று தோன்றும். குதித்த உடனே, சிலிண்டர் நிறைந்திருக்கும்போது இதைக் கணக்கிட்டால் எனக்கு எட்டு கிலோ கிட்டத் தொடுகிறது. இரண்டு, பலர் மறந்துவிடுவது: ஆள் இல்லாமல் சாமான் மட்டும் மிதக்க வேண்டும். எங்கள் படகில் ஏணி ஏறுவதற்கு முன் மொத்தத்தையும் கழற்றித் தண்ணீரிலிருந்தே மேலே கொடுப்போம். நிறைந்த சிலிண்டர் முக்கால் கிலோ, தகடு இரண்டே கால், மூச்சுக் கருவியான ரெகுலேட்டர் ஒரு கிலோ, டார்ச்சும் சில்லறையும் அரை. நாலரை கிலோ. ஈயம் என் இடுப்புப் பெல்ட்டில் இருப்பதால் இதில் சேராது. ஈயத்தையும் சாமானிலேயே கட்டுகிறவர்கள் அதையும் இங்கே கூட்ட வேண்டும், இல்லையென்றால் கைநழுவிய சாமான் டெம்பிள் ரீஃபுக்குத் தனியாக டைவ் போய்விடும்.

இரண்டில் எது அதிகமோ அதற்கு மேல் கொஞ்சம். 8 கிலோ விங் ஒன்றைக் கையில் எடுத்து வெகுநேரம் யோசித்தேன், அழகாகச் சின்னதாக இருந்தது, கணக்குக்கும் சரியாகத்தான் வந்தது. ஆனால் மொட்டை விளிம்பில் நிற்க எனக்குத் தைரியமில்லை. அலை, சோர்வு, ஜோடியாக வந்தவரை ஒரு கை பிடிக்க வேண்டிய நிலை எல்லாம் உண்டு. 13.6 கிலோவுக்கு வந்தேன். பெட்டியில் 30 பவுண்டு என்று போட்டிருந்தது. வளைய வடிவம், கீழேயும் சேர்ந்திருக்கும், காற்று வலமிருந்து இடம் தாராளமாக வரும். ஒற்றை சிலிண்டருக்கென்றே குறுகலாக வெட்டியது.

புது விங்கோடு போன முதல் நாள் தம்பி என்னைக் காலி சிலிண்டரோடு தண்ணீரில் இறக்கினார். 50 பார், விங்கில் பொட்டுக் காற்று இல்லை, படகுக் கயிற்றைப் பிடிக்காமல் சாதாரண மூச்சோடு நிமிர்ந்து நிற்க வேண்டும். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். ஆறு கிலோவில் கல்லாக இறங்கினேன். ஒன்று கழற்றினார். மறுபடி ஒன்று. நாலாவதைக் கழற்றியதும் கண்ணாடியின் பாதியில் கடல் கோடு போட்டு நின்றது. “இதான் அக்கா நீங்க” என்றார்.

பிறகு அந்தமானில் ஹேவ்லாக்கில் 30 மீட்டர் வரை போய்வந்தேன். இன்ஃப்ளேட்டரை எத்தனை முறை தொட்டேன் என்று விரலால் எண்ணினேன், இறங்கும்போது நாலு. மேலே வரும்போது ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் ஒரு பாரை மீன் கூட்டம் சுற்றிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், கம்ப்யூட்டர் வாயைத் திறக்கவில்லை.

பெரிய விங் இப்போது பரணில் இருக்கிறது. விற்பனைக்கு என்று போட்டிருந்தேன். போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன் பேசினான். நல்ல விலைதானே மேடம், நாளைக்கு ட்வின்செட் போட்டா உதவும்ல என்றான். எத்தனை டைவ் ஆச்சு என்று கேட்டேன். பதினொண்ணு. இப்ப எத்தனை கிலோ ஈயம் போடுறீங்க என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “தெரியல மேடம், போட்ல அவங்களே கட்டிவிட்ருவாங்க.” அடுத்த டைவில் அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து பேசச் சொன்னேன். விற்க இஷ்டமில்லையோ என்று நினைத்திருப்பான். இன்னும் கூப்பிடவில்லை.